சித்தப்பா மூழ்கடித்த கப்பல்

வாசக நேயர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் குடும்பத்தில் பரம்பரையாகச் சொல்லிக்கொண்டு வருகிற பெருமை ஏதாவது உண்டா? பாட்டனார் வெள்ளைக்காரக் கலெக்டருக்கு ஸலாம் போட மறுத்தார், பாட்டி திருடனை உலக்கையால் அடித்து விரட்டினாள் என்கிற ரகத்தில்? கட்டாயம் இருக்கும். எங்கள் குடும்பத்திலும் ஒன்று இருந்தது. எங்கள் சித்தப்பா ஒரு நீர்மூழ்கிக் கப்பலை மூழ்கடித்தவர்.

"நீர்மூழ்கிக் கப்பல் ஏற்கெனவே மூழ்கித்தானே இருக்கும்? அதை எப்படி ஐயா மறுபடியும் மூழ்கடிப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அதைக் கேட்காதவர்களே கிடையாது. அந்த ஹாஸ்யத்துக்கு ஐம்பது வருஷம் வயதாகிவிட்டது.

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாறும் அணைக்கட்டும் சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளுமாக இருக்கிற ஊர். ஒரு பக்கம் போனால் வீராணம் ஏரி. இன்னொரு பக்கம் போனால் நெய்வேலிச் சுரங்கம். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, சுரங்கத்தில் ஆழம் இருக்கிறது, ஆனால் கடல் மட்டும் இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்தையும் தாண்டிப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் கடற்படையில் சேர்ந்ததே அதிசயம். சேர்ந்தவர் சும்மா இருக்காமல், 1971ஆம் வருஷத்து யுத்தத்தில் பாகிஸ்தானின் 'காஸி' என்னும் நீர்மூழ்கிக் கப்பலை விசாகப்பட்டினத்துக் கடலில் மூழ்கடித்த 'ராஜ்புத்' கப்பலிலேயே இருந்தார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? 'ஸப்மரின்காரர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

சித்தப்பா காலமாகி நான்கு வருஷமாகிறது. சித்தி இருக்கிறாள். கூடத்துச் சுவரில் சித்தப்பாவின் படமும், அதன் பக்கத்தில் கண்ணாடி போட்ட இன்னொரு பழைய புகைப்படமும் மாட்டியிருக்கும். அந்த இரண்டாவது படத்தில் சித்தப்பாவும் மூன்று வாலிபர்களும் வெள்ளை உடுப்பில் ஒரு கப்பல்துறையில் நிற்கிறார்கள். பின்னால் கறுப்பாக, நீளமாக, திமிங்கலத்தின் முதுகு மாதிரி ஒன்று தண்ணீரில் கிடக்கிறது. "அதுதான் காஸி" என்று சித்தி வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். வெள்ளிக்கிழமைதோறும் சித்தப்பாவின் படத்துக்கு ஒரு முழம் பூ, காஸிக்கு ஒரு முழம் பூ!

இப்படியே போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. சென்ற வருஷம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தார் சித்தியைத் தேடி வந்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி கடற்படை தினம். அன்று, ஊரில் பிறந்து தேசத்துக்கு உழைத்தவர்கள் சிலருடைய படங்களைப் பள்ளியில் திறந்து வைக்கப் போகிறார்களாம். சித்தப்பாவின் படத்துக்கு அடியில் எழுத நான்கு வரி வேண்டுமாம். சித்தி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தம்பி, நீதானே நாள் பூரா காகிதத்தோட இருந்தவன்? உங்க சித்தப்பா அந்தக் கப்பலை எப்படி அடிச்சார்னு நல்லா விவரமா எழுதிக் குடு. பிள்ளைங்க படிக்கிற எடம். ஒண்ணும் தப்பு இருக்கக் கூடாது, ஆமாம்."

ஒன்றும் தப்பு இருக்கக் கூடாது! இந்த ஒரு வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகத்தில் ரிக்கார்டு அறையில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன். கோப்புகளை அடுக்குவது, தூசி தட்டுவது, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, கெடு முடிந்ததும் பட்டியல் போட்டு அழிப்பதற்கு அனுப்புவது, இதுதான் என் உத்தியோகம். இந்த உத்தியோகம் பார்த்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். யார் எதைச் சொன்னாலும், "எந்தக் கோப்பில் இருக்கிறது?" என்று மனசு கேட்கும். நான்கு வரி எழுதுவதற்கு நான் எட்டு மாசம் எடுத்துக்கொண்டேன் என்றால் காரணம் அந்த வியாதிதான்.

முதலில் எதிரிக் கப்பலின் ஜாதகத்தைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். பேரன் கணினியில் அமெரிக்கக் கடற்படையின் பழைய குறிப்புகளையும் புகைப்படங்களையும் எடுத்துக் கொடுத்தான். பார்த்தால், காஸி பிறந்தது பாகிஸ்தானில் இல்லை. அமெரிக்காவில் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில். 1944ஆம் வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள். அப்போது வைத்த பெயர் 'டயாப்ளோ'. ஸ்பானிய மொழியில் பிசாசு என்று அர்த்தம். 311 அடி நீளம். முன்னால் ஆறும் பின்னால் நான்குமாகப் பத்து டார்பிடோ குழாய்கள். ஜப்பானுக்கு எதிராக அனுப்புவதற்கென்றே கட்டிய கப்பல்.

ஆனால் இந்தப் பிசாசின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். 1945 ஜூலை மாதம் பேர்ல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகஸ்டு 10ஆம் தேதி முதல் போர்ப் பயணம் கிளம்பிற்று. சைப்பான் தீவில் கடைசி உத்தரவை வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும் என்று ஏற்பாடு. போய்க்கொண்டிருக்கும்போதே யுத்தம் நின்றுவிட்டது! கலியாணத்துக்குப் புறப்பட்டவன் பாதி வழியில் பந்தல் பிரிக்கிற சத்தத்தைக் கேட்ட மாதிரி, அது பாட்டுக்குக் குவாம் தீவில் போய் நின்றுகொண்டது. ஒரு குண்டு கூடப் போடாமல் ஓர் உலக யுத்தத்தை முடித்த கப்பல் அது. அப்புறம் பத்தொன்பது வருஷம் அமெரிக்காவிடமே இருந்துவிட்டு, 1964 ஜூன் 1ஆம் தேதி பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குப் போயிற்று. இந்தப் பிரதேசத்து நாடுகளில் எதனிடமும் அதுவரை நீர்மூழ்கிக் கப்பலே கிடையாது. முதல் கப்பல் அதுதான்.

சரி, நம் பக்கத்து ராஜ்புத்தின் ஜாதகம் என்ன என்று பார்த்தேன். அதுவும் இந்தியாவில் பிறந்ததில்லை! ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரையில் 1942இல் தண்ணீரில் இறக்கிய 'ராதர்ஹாம்' என்னும் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல். 1949இல் நம்மிடம் வந்து ராஜ்புத் ஆயிற்று. ஆக, இரண்டுமே இரண்டாம் உலக யுத்தத்துக்காகக் கட்டியவை. இரண்டுமே கை மாறி வந்தவை. அதற்கெல்லாம் மேலே, இரண்டும் ஒரே கட்சிக்காகக் கட்டியவை. 1945இல் ஏதாவது ஒரு துறைமுகத்தில் சந்தித்திருந்தால் ஒன்றுக்கொன்று கொடியசைத்து மரியாதை செய்துகொண்டிருக்கும். இருபத்தாறு வருஷம் கழித்து விசாகப்பட்டினத்து இருட்டில்தான் சந்திக்க வேண்டும் என்று இருந்தது.

இதைச் சித்தியிடம் சொன்னேன். "ரெண்டும் கிழட்டுக் கப்பல்தானா?" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

இனி 1971க்கு வருவோம். காஸி எதற்காக வந்தது? நம்முடைய விமானம் தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'தைத் தேடிக்கொண்டு வந்தது. விக்ராந்தின் கொதிகலனில் கோளாறு. முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. அந்த நிலையிலும் அதை வங்கக் கடலில் பயன்படுத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள். பாகிஸ்தானிடம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிக் கொடுத்த புதிய நீர்மூழ்கிகள் மூன்று இருந்தன. ஆனால் கராச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, வங்கக் கடலுக்கு வந்து வேட்டையாடிவிட்டுத் திரும்புகிற அளவுக்கு நெடும்பயணம் செய்யக் கூடியது கிழட்டுக் காஸி ஒன்றுதான். நவம்பர் 14ஆம் தேதி கமாண்டர் ஜாபர் முகம்மது கான் தலைமையில், 90க்கும் மேற்பட்ட பேருடன் அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது.

இங்கே நமக்கெல்லாம் பெருமை தரும் ஒரு விஷயம். அப்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் பின்னால் எழுதிய புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்தேன். மனுஷர் செய்த தந்திரத்தைப் படித்தால் துப்பறியும் நாவல்கள் தோற்றுவிடும். விக்ராந்தைச் சத்தம் போடாமல் அந்தமான் பக்கம் அனுப்பி ஒளித்து வைத்துவிட்டார். பிறகு அது விசாகப்பட்டினத்துப் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி ஒரு நாடகம் போட்டார். பழைய ராஜ்புத்துக்கு விக்ராந்த் வேஷம்! கடலுக்குள் போய் நின்றுகொண்டு, ஒரு பெரிய கப்பல் அனுப்புகிற அளவுக்கு ஏகப்பட்ட கம்பியில்லாச் செய்திகளை அது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரையில் வியாபாரிகளிடம் விக்ராந்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் போதுமான காய்கறியும் இறைச்சியும் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள். வியாபாரி ரகசியத்தைக் காப்பாற்ற மாட்டார் என்கிற நம்பிக்கைதான்! எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு தந்தி. விக்ராந்தில் வேலை செய்கிற ஒரு மாலுமி, கடும் நோயாகக் கிடக்கிற தாயாரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதாக ஒரு தந்தியை ஜோடித்து, ரகசியக் குறியீடு இல்லாமல் வெளிப்படையாகவே அனுப்பினார்களாம். எதிரி கேட்கட்டும் என்று.

யுத்த தந்திரம் என்றால் ஆயிரம் படித்திருக்கிறோம். அதில் அம்மாவின் காய்ச்சலைக்கூட ஆயுதமாக உபயோகிக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டிசம்பர் 3ஆம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேற்கே நம் விமானத் தளங்களைப் பாகிஸ்தான் விமானங்கள் தாக்கின. யுத்தம் ஆரம்பமாகிவிட்டது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னால் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் ராஜ்புத்தைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டு போனார். விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு வாய்க்கால் வழியாகக் கடலுக்குள் போகும்போது, எதிரே தண்ணீரில் ஏதோ கலக்கம் தெரிந்தது என்று தகவல். நீர்மூழ்கி ஒன்று அமிழ்கிறதோ என்று சந்தேகப்பட்டு இரண்டு ஆழ்வெடிகளைப் போட்டார்கள். ஆழ்வெடி என்பது பார்ப்பதற்கு எண்ணெய் டின் மாதிரி இருக்கும். உள்ளே வெடிமருந்து. தண்ணீருக்குள் இறங்க இறங்க நீரின் அழுத்தம் ஏறுமல்லவா? குறித்து வைத்த அழுத்தம் வந்தவுடன் தானே வெடிக்கும். போட்டுவிட்டு ராஜ்புத் தன் வழியே போய்விட்டது.

நள்ளிரவு தாண்டிச் சுமார் பன்னிரண்டே கால் மணிக்கு ஒரு பெரும் வெடிச் சத்தம். பிரதம மந்திரியின் ரேடியோப் பேச்சுக்காக விழித்துக்கொண்டிருந்த விசாகப்பட்டினத்து ஜனங்கள் ஜன்னல் கதவுகள் அதிர்வதைக் கேட்டார்கள். பொழுது விடிந்ததும் மீனவர்கள் எண்ணெய் மிதப்பதையும், சாமான்கள் மிதப்பதையும் பார்த்து வந்து சொன்னார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். துறைமுகத்து வாசலுக்கு மிகப் பக்கத்தில், தரை தட்டிக் கிடந்தது காஸி. ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. தண்ணீரில் இறங்கி இருபத்தேழு வருஷமும் மூன்று நாளும் ஆகியிருந்தது அந்தக் கப்பலுக்கு.

டிசம்பர் 9ஆம் தேதி அரசாங்கம் செய்தியை வெளியிட்டது. அதே நாள் இரவு தியூ தீவுக்கு அப்பால் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி நம் 'குக்ரி'யை டார்பிடோவால் அடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் முல்லா கப்பலோடேயே போனார். இதை நம்மில் பல பேர் மறந்துவிடுகிறோம்.

இதுவரை எல்லாம் சித்தியின் கட்சிதான். ராஜ்புத் ஆழ்வெடி போட்டது; காஸி மூழ்கிற்று; சித்தப்பா ராஜ்புத்தில் இருந்தார். எழுதிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் வியாதி தலைகாட்டிற்று. மேலும் படித்தேன். கடற்படையின் சரித்திரத்தை எழுதிய வைஸ் அட்மிரல் ஹிராநந்தானியின் புத்தகத்தில் ஒரு பக்கத்து வாதம் மட்டும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் எடுத்து வைத்திருக்கிறார். பாகிஸ்தான் தரப்பில் சொல்வது, காஸி துறைமுக வாசலில் கண்ணிவெடிகளை வைத்துக்கொண்டிருந்தபோது தன் வெடியிலேயே தான் மாட்டிக்கொண்டது என்பது. இன்னொரு கட்சி, அதன் மின்கலங்களைப் பற்றியது. நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்கடியில் ஓடுவது மின்கலங்களின் பலத்தில். அவற்றுக்கு மின்சாரம் ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். நம் ஊரில் லாரி பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கடையில் பீடி பற்ற வைக்கக் கூடாது என்பார்களே, அதே சங்கதிதான். கப்பலுக்குள் அந்த வாயு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். நம் ஆழ்வெடியின் அதிர்ச்சியில்தான் உள்ளே இருந்த வெடிகள் வெடித்தன என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ராஜ்புத் வெடி போட்ட நேரத்துக்கும் பெரும் சத்தம் கேட்ட நேரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷமாக வாதப் பிரதிவாதம் நடக்கிறது.

மூல ஆவணங்களைப் பார்த்தால் தீர்ந்துவிடாதா? அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2010ஆம் வருஷத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்று கிடைத்தது. காஸி சம்பந்தமான கிழக்குக் கடற்படைக் கோப்புகள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டனவாம்.

நேயர்களே, மற்றவர்களானால் இதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டிருப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. 'தேவையில்லை, அழிக்கலாம்' என்று நான் எத்தனை பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! ரிக்கார்டு அறையில் இடம் இல்லை என்றால் எது போகும்? பழசுதான் போகும். எந்தக் குடும்பத்தின் எந்தப் பெருமை, எந்த வழக்கின் எந்த நியாயம் அந்தக் கட்டுகளில் இருந்ததோ! அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "போன ஜன்மத்துக் கோப்புக்கெல்லாம் இப்ப அழுவாங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

புகைப்படம் ஒன்று பாக்கி இருந்தது. கோப்பு பொய் சொல்லலாம், மனுஷன் மறக்கலாம், புகைப்படம் நிற்குமல்லவா? சித்தியிடம் கேட்டு வாங்கிச் சட்டத்தைப் பிரித்தேன். பின்னால் ஸ்டூடியோ முத்திரையும், சித்தப்பாவின் கையெழுத்தில் 'விசாகை, 1970' என்றும் இருந்தது. அப்போதே எனக்கு உள்ளே ஒரு படி இறங்கிற்று. 1970இல் காஸி எப்படி ஐயா விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து நிற்கும்? அதன் முன்னால் நம் மாலுமிகள் பல்லைக் காட்டிக்கொண்டு எப்படிப் படம் எடுத்துக்கொள்வார்கள்? சாதாரண புத்தி உள்ளவன் யோசித்திருக்க வேண்டிய விஷயம். ஐம்பது வருஷம் ஊர் முழுவதும் அதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறோம்!

ஆனாலும் ருசு வேண்டும். அமெரிக்கர்கள் எடுத்த டயாப்ளோவின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கு முகப்பு உயரமாக, சாதாரணக் கப்பலின் மூக்கு மாதிரி தூக்கிக்கொண்டிருக்கிறது. சித்தப்பாவின் படத்தில் இருப்பதற்கு முகப்பின் மேல் ஒரு புடைப்பு, நெற்றியில் அடிபட்டு வீங்கினாற்போல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எனக்குத் திருப்தி வரவில்லை. சிதம்பரத்தில் ரயில் ஏறி, சென்னையில் வண்டி மாறி, விசாகப்பட்டினத்துக்கே போய்விட்டேன். இந்த வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

விசாகப்பட்டினத்துக் கடற்கரைச் சாலையில் 'குர்சுரா' என்னும் நம் பழைய நீர்மூழ்கியை மணலில் இழுத்துவந்து காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்கள் கட்டியது. 1969 டிசம்பரில் நம் படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்று, 2002 முதல் இங்கே ஜனங்களுக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. டிக்கெட் வாங்குவதற்கு முன்னாலேயே, சாலையில் நின்றபடி படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அதே புடைப்பு. அதே முதுகு. அப்போது நம்மிடம் இந்த ஜாதியில் நான்கு கப்பல்கள் இருந்தன: கல்வாரி, காந்தேரி, கரஞ்சு, குர்சுரா. அவற்றில் ஒன்றைத்தான் சித்தி வாராவாரம் காஸி என்று பூப் போட்டுக்கொண்டிருக்கிறாள்!

உள்ளேயும் போய்ப் பார்த்தேன். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே சந்து. ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். வட்டமான ஓட்டைகளில் காலைத் தூக்கி வைத்துத் தலையைக் குனிந்து நுழைய வேண்டும். தூங்குகிற பலகைகளைப் பார்த்தால் நம் வீட்டுப் பரணே விசாலம். கதவுகள் எல்லாம் திறந்திருந்தும், காற்றாடி சுற்றியும் எனக்கு மூச்சு முட்டிற்று. என் முன்னால் போன ஒரு சிறுவன், தகப்பனாரிடம் காஸியைப் பற்றி வந்த சினிமாவின் கதையைச் சொல்லிக்கொண்டு போனான். 2017இல் வந்ததே, நம் நீர்மூழ்கி ஒன்று தண்ணீருக்கடியில் காஸியோடு சண்டை போடுகிற படம், அதுதான். அப்படி ஒரு சண்டை நடக்கவே இல்லை என்று அவனிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான் யார் சொல்வதற்கு?

வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்துக் கடலில் காஸி மட்டும் இல்லை. 1944 பிப்ரவரி 11ஆம் தேதி 'ரோ-110' என்னும் ஜப்பானிய நீர்மூழ்கியும் அங்கேதான் மூழ்கிற்று. கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குப் போன சரக்குக் கப்பல் கூட்டத்தில் ஒன்றை அது அடிக்க, நம் 'ஜம்னா'வும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் ஆழ்வெடி போட்டுத் தீர்த்துவிட்டன. 2024இல் நம் கடற்படை, ஆழ்கடலில் இறங்கி ஆளைக் காப்பாற்றுகிற புதிய வாகனத்தை அனுப்பிக் காஸி கிடக்கும் இடத்தைத் துல்லியமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டது. பார்த்ததோடு சரி, தொடவில்லை. அது சமாதி, தொடக் கூடாது என்பது கடற்படைக்காரர்களின் சம்பிரதாயம்.

ஊருக்குத் திரும்பினேன். சித்தியிடம் படத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அப்போதுதான் பரண் மேல் இருந்த அப்பாவின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. சித்தப்பா அண்ணனுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருக்கும். இறக்கிப் பார்த்தேன். நிலப்பத்திரங்களுக்கு அடியில் நீல நிற இன்லண்டு கடிதங்கள் கட்டாக இருந்தன. 1972 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தி எழுதியது ஒன்று. பொங்கலுக்கு லீவு இல்லை, அம்மாவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கீழே இப்படி இருந்தது:

'அன்றைக்கு ராத்திரி நான் அடியில் பாய்லர் அறையில் இருந்தேன். கப்பல் குலுங்கினது மட்டும்தான் எனக்குத் தெரியும். மேலே என்ன பார்த்தார்கள், எதைப் போட்டார்கள் என்று பிறகுதான் சொன்னார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம், நானும்தான். இப்போது படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தக் கப்பலிலும் என்னை மாதிரி ஒருத்தன் அடியில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான் அல்லவா? இதை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.'

அப்பா யாருக்கும் படித்துக் காட்டவில்லை என்று தெரிகிறது.

நான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா எங்களிடம் எப்போதாவது, 'நான் கப்பலை மூழ்கடித்தேன்' என்று சொன்னாரா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை கூட இல்லை. டீக்கடையில் யாராவது கிளப்பினால் சிரித்துக்கொண்டு இன்னொரு டீ சொல்வார், பேச்சு மாறிவிடும். அப்படியானால் கதையைக் கிளப்பியவன் யார்?

ஐயா, நான்தான்! 1972ஆம் வருஷம் கோடையில் சித்தப்பா லீவில் வந்தார். எனக்கு வயது பதின்மூன்று. அந்தப் புகைப்படத்தைக் காட்டி, "இதுதாண்டா ஸப்மரின்" என்றார். ஸப்மரின் என்றால் எப்படி இருக்கும் என்று காட்டினார், அவ்வளவுதான். நான் மறுநாளே கடைத்தெருவுக்குப் போய், "எங்க சித்தப்பா அடிச்ச ஸப்மரின் போட்டோ எங்க வீட்டுல இருக்கு, அவர்தான் பொத்தானை அமுக்கினாரு" என்று அளந்தேன். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். நான்கு வருஷம் கழித்துக் கலியாணமாகி வந்த சித்திக்கு, ஊரே சேர்ந்து அந்தப் பெருமையைச் சீராகக் கொடுத்திருக்கிறது. பாவம், அவர் அதை மறுத்தால் நான் பொய்யன் ஆவேன். மறுக்காவிட்டால் அவர் ஆவார். அவர் டீ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சித்தி வீட்டுக்குப் போனேன். ஒன்றையும் மறைக்கவில்லை. யார் மூழ்கடித்தது என்பதில் இருக்கிற கட்சிகளைச் சொன்னேன். படத்தில் இருப்பது நம் கப்பல் என்பதைச் சொன்னேன். என் பதின்மூன்று வயதுப் பொய்யையும் சொன்னேன். கடைசியில் கடிதத்தைப் படித்தேன். சித்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

"மார்கழி மாசத்துல அவருக்குத் தூக்கம் வராது தம்பி. எந்திரிச்சுத் திண்ணையில போயி உக்காந்துக்குவாரு. பனி கொட்டும், துண்டைத் தலையில கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. மிலிட்டரிக்காரர், அப்படிப் பழக்கம் போலன்னு நான் விட்டுட்டேன்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் தந்தி போயிருக்கும், இல்லே?" என்றாள்.

"போயிருக்கும் சித்தி" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்கு என்ன எழுதுவது என்று அவளையே கேட்டேன். நான் நினைத்ததுபோல் அவள் தயங்கவில்லை. "அவர் செஞ்சதை எழுது. பாய்லர் பார்த்தார்னு போடு. அது ஓடாட்டி கப்பல் ஓடுமா?" என்றாள். அப்படியே எழுதிக் கொடுத்தேன்: 'இந்தியக் கடற்படையின் ராஜ்புத் கப்பலில் கொதிகலன் அறையில் பணி புரிந்தவர். 1971ஆம் வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி இரவு அந்தக் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டபோது பணியில் இருந்தார்.' பள்ளிக்கூடத்துக்காரர் படித்துவிட்டு, "காஸியை மூழ்கடித்தவர் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எடுப்பாக இருக்குமே ஸார்?" என்றார். சித்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் போய்க் கேட்டார். சேர்க்கவில்லை.

புகைப்படத்தைப் புதுச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடிதத்தையும் அதன் பின்புறத்திலேயே வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பூ இன்னும் இரண்டு முழம்தான் வாங்குகிறாள். ஆணியில் மாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"இது நம்ம கப்பல்னு தெரிஞ்ச பிறகு பார்த்தா, அவர் இதுல நல்லாத்தான் சிரிக்கிறாரு" என்றாள்.